கீட்டோசெரஸைச் சவ்வில் வடித்தெடுத்தல்: ஓர் இறால் ஹேச்சரியின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

சென்னைக்கும் புதுச்சேரிக்கும் இடையே, கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டி இறால் ஹேச்சரிகள், அதாவது இறால் குஞ்சு பொரிக்கும் கூடங்கள், பல இருக்கின்றன. இங்கே பேசப்போவது அவற்றில் நடுத்தர அளவிலான ஒன்று. 2009இல் வன்னாமி என்ற இறால் வகையின் வளர்ப்புக்கு அனுமதி வந்தபின் இந்தக் கரையில் பலரும் மாறியதுபோல இவர்களும் வன்னாமிக் குஞ்சுக்கு மாறினார்கள். உரிமையாளர், மேனேஜர், ஆல்கே ரூமை (பாசி வளர்க்கும் அறை) பார்த்துக்கொள்ளும் டெக்னீஷியன், இரவுப் பணியாளர்கள் என்று அளவான கூட்டம். நான் தண்ணீர் சுத்திகரிப்பு வேலையில் இருப்பவன். குஞ்சுக்குத் தீனியாகும் பாசியைச் செறிவாக்க மெம்பிரேன் (நுண்துளைச் சவ்வு) வாங்கலாமா என்று கேட்கத்தான் என்னைக் கூப்பிட்டார்கள்.

முட்டையிலிருந்து வெளிவந்ததும் இறால் குஞ்சு எதையும் தின்னாது. நாப்ளி என்ற இந்த முதல் நிலையில் உடம்பில் இருக்கும் மஞ்சள்கருவே போதும். ஏறக்குறைய இரண்டு நாளில் சோயியா என்ற அடுத்த நிலைக்கு வந்துவிடும். அப்போதிலிருந்து தண்ணீரில் மிதக்கும் நுண்பாசியை வடித்துத் தின்னும். அந்த நாளில் பாசி இல்லையென்றால் குஞ்சுகள் காத்திருக்காது. இந்த ஹேச்சரியில் கொடுப்பது கீட்டோசெரஸ். சிலிக்கா ஓடு கொண்ட டயட்டம் வகை. உடல் 4 முதல் 9 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) வரை, மூலைகளில் மெல்லிய முட்கள். வாய்க்கு ஏற்ற அளவு என்பதால்தான் சோயியாவுக்கு இதை விரும்பிக் கொடுக்கிறார்கள்.

கணக்கு இப்படி. குஞ்சுத் தொட்டியில் ஒரு மில்லிக்கு 1 லட்சம் செல் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். தொட்டி 10 டன், அதாவது 10,000 லிட்டர். வெளித்தொட்டியில் வளரும் பாசியில் மில்லிக்கு 10 லட்சம் செல் இருந்தால், ஒரு தடவை நிரப்ப 1000 லிட்டர் பாசித் தண்ணீர் போக வேண்டும். அதாவது குஞ்சுத் தொட்டியின் பத்தில் ஒரு பங்கு, மிச்ச உரமும் அம்மோனியாவும் கலந்த பழைய தண்ணீராகிவிடும். இதுகூடச் சமாளிக்கக்கூடியதுதான். உண்மையான தொல்லை ஐப்பசி, கார்த்திகையில். வடகிழக்குப் பருவமழையில் நாலு நாள் வானம் மூடிக்கிடந்தால் வெளித்தொட்டிப் பாசி மெலிந்துவிடும், சில நேரம் ஒரே இரவில் மொத்தமும் செத்து விழுந்துவிடும். அதே நேரத்தில் நாப்ளி லோடு வந்து இறங்கியிருக்கும்.

உரிமையாளரின் கேள்வி இதுதான்: வெயில் இருக்கும் நாளில் பாசியைச் செறிவாக்கிக் குளிரில் வைத்து, மழை நாளில் எடுத்துக் கொடுக்க முடியுமா?

என்னென்ன வழிகளைப் பார்த்தோம்

முதலில் வந்த யோசனை துணி. ஸ்பைருலினா பண்ணையில் வேலை பார்த்த ஒருவர் அங்கே இருந்தார். அங்கெல்லாம் துணியில்தான் வடிப்போம் என்றார். உண்மைதான். ஆனால் ஸ்பைருலினா நூறு மைக்ரானையும் தாண்டி நீளும் இழை. அது துணியில் நிற்கும், கீட்டோசெரஸ் ஓடிவிடும்.

படிகாரமோ ஃபெர்ரிக் குளோரைடோ போட்டுத் திரளவைப்பதை மேனேஜரே ஒதுக்கிவிட்டார். திரண்ட கட்டியைச் சோயியாவால் தின்ன முடியாது. உலோகமும் கூடவே தொட்டிக்குப் போகும். மையவிலக்கி இயந்திரம் செய்யும் வேலையைச் செய்யும்தான், ஆனால் விலை, மின்சாரம், அதோடு கீட்டோசெரஸின் முட்கள் அந்த வேகத்தில் உடையும் என்ற பயம். ஆக, மெம்பிரேன்தான் மிஞ்சியது. செல்லை நசுக்காமல் தண்ணீரை மட்டும் எடுத்துவிடலாம் என்று காகிதத்தில் படித்தால் தோன்றும்.

முதல் அமைப்பு

குடிநீர் ஆலைகளில் பயன்படும் குழல் இழை மாட்யூல் (உள்ளே வெற்றிடமுள்ள மெல்லிய சவ்வு இழைகளின் கட்டு) ஒன்று கிடைத்தது. பி.வி.டி.எஃப். என்ற பிளாஸ்டிக்கால் ஆன இழைகள், துளை 0.1 மைக்ரானுக்கும் கீழே. ஒரு மையவிலக்குப் பம்பு அழுத்தம் கொடுக்கும். போகும் தண்ணீரெல்லாம் சவ்வைத் தாண்டியே வெளியேற வேண்டும் என்ற அமைப்பில், குடிநீருக்கு ஓட்டுவதுபோலவே முதலில் ஓட்டினார்கள். சில நிமிடங்களில் நின்றுவிட்டது. ஆற்று நீரில் இருக்கும் கலங்கலும் பாசித் தொட்டித் தண்ணீரும் ஒன்றல்ல. டயட்டம் ஓடுகளும் அவற்றைச் சுற்றியுள்ள பசையும் சவ்வின்மேல் படிந்து, அழுத்தம் ஏற ஏற இறுகிப்போகின்றன.

அடுத்து குறுக்கோட்டத்துக்கு மாற்றினோம். தண்ணீர் சவ்வை உரசிக்கொண்டு வேகமாக ஓடும். அதில் ஒரு சிறு பங்கு மட்டும் வடிந்து வெளியேறும், மீதி தொட்டிக்கே திரும்பும். இப்போது ஓட்டம் நிலைத்தது. வடிநீர் கண்ணாடிபோல் தெளிவு, தொட்டியில் அடர்த்தியான பழுப்பு. எல்லாருக்கும் திருப்தி.

டெக்னீஷியன் மட்டும் ஒரு சொட்டை எடுத்து மைக்ரோஸ்கோப்பில் வைத்தார். "சார், முள்ளே இல்லை. பாதி காலி ஓடு" என்றார். மறுநாள் குளிர்பெட்டியிலிருந்து எடுத்தபோது செறிவில் நுரையும் வாடையும் இருந்தன. அதை 20 லிட்டர் வாளியில் கொஞ்சம் சோயியாவுக்கு மட்டும் கொடுத்துப் பார்த்தார்கள். நல்லவேளை, பெரிய தொட்டியில் யாரும் கை வைக்கவில்லை. நன்றாகத் தின்ற சோயியாவின் பின்னால் மலக்கயிறு நீளமாகத் தொங்கும். ஹேச்சரியில் இருப்பவர்கள் முதலில் பார்ப்பது அதைத்தான். இந்த வாளியில் கயிறு துண்டு துண்டாகத்தான் இருந்தது. பல குஞ்சுகளுக்குக் குடலே காலி.

பழி சவ்வின்மேல் விழுந்தது. ஆனால் செல்லை உடைத்தது பம்பு. குறுக்கோட்டத்தில் சுற்றி ஓடும் தண்ணீர், வடிந்து போவதைப்போல 20 மடங்கு என்று வையுங்கள். 20 மடங்கு செறிவாக்க வேண்டும். அப்படியானால் ஒரு செல் எத்தனை தடவை பம்புக்குள் போய்வரும்? ஓட்ட விகிதத்தைச் செறிவு மடங்கின் இயல் மடக்கையால் பெருக்க வேண்டும். 20இன் இயல் மடக்கை ஏறக்குறைய 3. ஆக 60 தடவை. ஒருமுறை போய்வந்தால் தாங்கும் செல், நிமிடத்துக்கு 2900 சுற்று ஓடும் இறக்கைக்குள் 60 முறை போய்வந்து முள்ளோடு இருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. மாட்யூல் விற்பவர்கள் இந்தக் கணக்கைச் சொல்லி நான் கேட்டதில்லை.

மாற்றிய அமைப்பு

இரண்டு வழிகள் இருந்தன. மெதுவாகத் தள்ளும் மோனோ பம்பு ஒன்று வாங்கலாம். அல்லது செல் பம்பைத் தொடாத அமைப்புக்கே போகலாம். இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தோம். காரணம், அதற்கு வேண்டிய பெரும்பாலான சாமான்கள் எந்த ஹேச்சரியிலும் ஏற்கெனவே இருக்கும்.

கழிவுநீர் சுத்திகரிப்பில் வரும் மூழ்கு மெம்பிரேனை எடுத்துக்கொண்டோம். இழைகள் திரைபோலத் தொட்டிக்குள் தொங்கும். தண்ணீர் வெளியிலிருந்து இழைக்குள் இழுக்கப்படும், பாசி வெளியே நிற்கும். கீழே காற்றுக் குழாய். குமிழிகள் மேலேறும்போது இழைகளை ஆட்டி, படிவதை உதறிவிடும். காற்றூதும் புளோயர்தான் ஹேச்சரியில் இரவு பகலாக ஓடுகிறதே.

இழுக்கும் விசைக்கும் பம்பு வைக்கவில்லை. பாசித் தொட்டிகள் மேடையில் இருந்தன. பாசி தானாகவே குஞ்சுத் தொட்டிக்கு இறங்கட்டும் என்று கட்டும்போதே அப்படி வைப்பது வழக்கம். அந்த மேடையின் ஓரத்தில் 100 லிட்டர் கொள்ளும் குறுகலான உயரத் தொட்டி வைத்து மெம்பிரேனைத் தொங்கவிட்டோம். வடிநீர்க் குழாயைக் கீழே கழிவுக் குழிவரை இறக்கினோம். உயர வித்தியாசம் சுமார் 2 மீட்டர். 10 மீட்டர் தண்ணீர் ஏறக்குறைய 1 பார் என்பதால் நமக்குக் கிடைத்தது 0.2 பார். போதும், அதற்குமேல் வேண்டவும் வேண்டாம். பெரிய தொட்டியிலிருந்து மிதவை வால்வு வழியே பாசி தானாக வந்து நிரப்பும். இரவு முழுக்க 2000 லிட்டர் வடிந்து, குறுகிய தொட்டியில் 100 லிட்டர் செறிவு நிற்கும்.

பரப்பு எவ்வளவு என்பதில் மட்டும் கொஞ்சம் வாதம் நடந்தது. ஒரு சதுர மீட்டர் சவ்வில் ஒரு மணிக்கு எத்தனை லிட்டர் வடிகிறதோ அதை ஃப்ளக்ஸ் என்கிறோம். 40 என்று வைத்தால் மாட்யூல் சின்னதாக முடியும், காசு மிச்சம். நான் 10தான் வைக்கச் சொன்னேன். 10 மணி நேரத்தில் 2000 லிட்டர் என்றால் மணிக்கு 200 லிட்டர். 10 ஃப்ளக்ஸுக்கு 20 சதுர மீட்டர். உரிமையாளருக்கு இது கசந்தது. ஆனால் ஒரு எல்லைக்குக் கீழே ஓட்டினால் படிவு ஏறாது, தாண்டினால் நிற்காமல் ஏறும் என்பது 1995இல் ஃபீல்டும் அவர் உடனாய்வாளர்களும் முன்வைத்த கருத்து. மெம்பிரேன் துறையில் பின்னர் எல்லோரும் கையாளும் அளவுகோல் அது. பாசிக்கு அந்த எல்லை தாழ்வாகவே இருக்கும்.

வடிநீர்க் குழாயின் முனையில் ஒரு வால்வு. ஆரம்பத்தில் சவ்வு சுத்தமாக இருப்பதால் முழுக்கத் திறந்தால் வேகமாகக் கொட்டும். அப்படிக் கொட்டும் முதல் அரைமணியில்தான் படிவு உட்காரும். அதனால் வால்வைப் பாதி மூடி, வாளியும் கடிகாரமும் வைத்து அளந்து, சீராக ஓடவிட வேண்டும். இரவுப் பணியாளருக்கோ சீக்கிரம் முடிந்தால் படுக்கலாம். வால்வின் கைப்பிடியைக் கழற்றி டெக்னீஷியனிடம் கொடுத்த பிறகுதான் இந்தப் பிரச்சினை ஓய்ந்தது.

இந்த அமைப்பில் எடுத்த செறிவில் முட்கள் இருந்தன. வாளியில் கொடுத்த சோயியாவின் மலக்கயிறும் நீளமாக வந்தது.

ஓட்டம் பாதியான இரவு

சில வாரம் ஒழுங்காக ஓடியது. பிறகு ஒரு இரவு, ஆரம்பித்த இரண்டு மணி நேரத்திலேயே ஓட்டம் பாதியாகிவிட்டது. வால்வைத் திறந்தாலும் ஏறவில்லை. வடிநீரைத் திருப்பி விட்டுக் கழுவினால் கொஞ்ச நேரம் சரியாகி, மறுபடி அடைத்தது. மெம்பிரேன் கெட்டுவிட்டது, மாற்ற வேண்டும் என்று மேனேஜர் எழுதியே வைத்துவிட்டார்.

அன்றைய பாசியைப் பார்த்தோம். தொட்டி ஓரத்தில் நுரைக் கோடு. தண்ணீரைத் தொட்டால் வெண்டைக்காய் நறுக்கிய விரல்போல வழவழப்பு. மைக்ரோஸ்கோப்பில் செல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கொத்துக் கொத்தாகக் கிடந்தன. ஆல்கே ரூம் நோட்டில் காரணம் இருந்தது. நாப்ளி வரத் தாமதமானதால் அந்தத் தொட்டியை வழக்கமான நாளில் எடுக்காமல் விட்டிருக்கிறார்கள். எண்ணிக்கை கூடத்தானே செய்யும் என்ற எண்ணம்.

கூடவில்லை. அவர்கள் போடும் உரம் கில்லார்டும் ரைதரும் 1962இல் விவரித்த கலவையின் பாதிச் செறிவு, எஃப்/2 என்பார்கள். அதில் சோடியம் சிலிகேட் லிட்டருக்கு 30 மில்லிகிராம். பாசி அடர்த்தியாக வளரும்போது டயட்டத்துக்கு முதலில் தீர்ந்துபோவது பெரும்பாலும் இந்தச் சிலிகேட்தான். சிலிக்கா இல்லாமல் புது ஓடு கட்ட முடியாது, செல் பிரிவது நின்றுவிடும். ஆனால் வெயில் அடிக்கிறது, ஒளிச்சேர்க்கை நிற்காது. உண்டாகும் சர்க்கரையைச் செல் பசையாக வெளியே தள்ளும். அந்தப் பசை துளைகளின்மேல் படலமாகப் படியும், காற்றுக் குமிழிக்கு அசையாது.

இந்த ஆய்வில் எனக்குப் பெரிதாகப் படுவது இந்த இடம்தான். சவ்வு அடைத்துக்கொண்டால் நாம் சவ்வைப் பார்க்கிறோம். அன்று கோளாறு, வளர்ப்புத் தொட்டியில் இரண்டு மூன்று நாள் முன்பே ஆரம்பித்துவிட்டது. மெம்பிரேன் அதைக் காட்டிக் கொடுத்தது, அவ்வளவுதான். இளம் பாசியை, செல் பிரிந்துகொண்டிருக்கும்போதே எடுத்தால் அதே மாட்யூல் ஒழுங்காக ஓடும்.

அடைத்த மாட்யூலைத் தூக்கி எறியவில்லை. லிட்டருக்கு 200 முதல் 300 மில்லிகிராம் அளவுக்குச் சோடியம் ஹைப்போகுளோரைட் கலந்த தண்ணீரில் இரண்டு மணி நேரம் ஊறவைத்தோம். பி.வி.டி.எஃப். இதைத் தாங்கும். ஓட்டம் பெருமளவு திரும்பியது, முழுக்க இல்லை. இழைகளில் செம்பழுப்புக் கறை மிச்சம் இருந்தது. உரத்தில் போடும் இரும்பும், மதியத்தில் பாசியால் பி.எச். ஏறும்போது படியும் சுண்ணாம்பும் என்று நினைத்தோம். நன்றாக அலசிவிட்டு, இரண்டு சதவீத சிட்ரிக் அமிலத்தில் ஊறவைத்ததும் கறை போனது. அலசுவதை விட்டுவிடக் கூடாது. குளோரின் மிச்சம் இருக்கும்போது அமிலம் ஊற்றினால் குளோரின் வாயு கிளம்பும், மூடிய அறையில் உயிருக்கே ஆபத்து. இரண்டு டப்பாவையும் வேறு வேறு அறையில் வைக்கச் சொன்னேன்.

அதன்பின் வந்த விதி: விதைத்து நாலாம் நாளைத் தாண்டிய தொட்டி மெம்பிரேனுக்கு வராது. அதற்கு முன்பே நுரையோ கொத்தோ தெரிந்தால் அப்போதும் வராது. செல் எண்ணிக்கை கொஞ்சம் குறைவாக இருந்தாலும் பரவாயில்லை.

தட்டில் தெரிந்த விப்ரியோ

அப்புறம் வந்தது இதைவிடப் பயமுறுத்தியது. காலையில் செறிவிலிருந்து டி.சி.பி.எஸ். தட்டில் (விப்ரியோவை வளர்த்துப் பார்க்கும் தட்டு) தேய்த்துப் பார்த்தால் விப்ரியோ பாக்டீரியா மண்டிக்கிடந்தது, அதில் பச்சைக் காலனியும் இருந்தது. பச்சை தெரிந்தாலே, குஞ்சைக் கொல்லும் வகையோ என்று ஹேச்சரியில் எல்லாருக்கும் முகம் மாறும். உரிமையாளர் முழு வேலையையும் நிறுத்தச் சொன்னார்.

இதில் இரண்டு விஷயத்தைப் பிரித்துப் பார்க்க வேண்டியிருந்தது. 0.1 மைக்ரான் சவ்வு பாசியை மட்டும் நிறுத்தாது, பாக்டீரியாவையும் நிறுத்தும். 20 மடங்கு செறிவில் பாக்டீரியாவும் 20 மடங்கு இருக்கும். இது கணக்கு, கோளாறு இல்லை. குஞ்சுக்கு நாம் கொடுப்பது செறிவை அப்படியே அல்ல. 1000 லிட்டருக்குப் பதில் 50 லிட்டர்தான் கொடுக்கிறோம். ஒரு பாசி செல்லுக்கு எத்தனை பாக்டீரியா என்று பார்த்தால் முன்பிருந்த அளவேதான் போகும். இதை டெக்னீஷியன் உரிமையாளருக்குப் பலகையில் எழுதிக் காட்டினார்.

ஆனால் தட்டில் வந்தது 20 மடங்கு இல்லை. மாலை எண்ணிக்கையைவிட 100 மடங்குக்கும் மேல். ஆக, இரவில் பெருகியிருக்கிறது. உரிமையாளர் பயந்தது முழுத் தவறும் இல்லை.

எங்கிருந்து என்று தேடினோம். வளர்ப்புத் தொட்டியில் பச்சை இல்லை. மெம்பிரேன் தொட்டியில் பாசி விடும் முன்பு வெறும் சுத்திகரித்த கடல்நீரை நிரப்பி, ஆட்டி, அதைத் தட்டில் தேய்த்தபோது பச்சை வந்தது. ஒரு ஓட்டத்துக்கும் அடுத்ததுக்கும் நடுவே மாட்யூலைக் கடல்நீரிலேயே ஊறப்போட்டிருந்தார்கள். காய்ந்தால் இழை கெடும் என்று யாரோ சொன்னது உண்மை, ஆனால் இழைகளுக்கு இடையே பாக்டீரியா குடியேறிவிட்டது.

முடிவுகள் மூன்று. மாட்யூலைச் சும்மா இருக்கும்போது மெல்லிய குளோரின் நீரில் வைப்பது. பயன்படுத்தும் முன் குளோரினைப் போக்க சோடியம் தயோசல்பேட் போட்டு, மிச்சக் குளோரினைக் காட்டும் ஓ.டி. சொட்டு மஞ்சளாகவில்லை என்று பார்த்து, அலசிவிட்டு ஏற்றுவது. இரண்டாவது, மெம்பிரேன் தொட்டியில் மூடிய ஐஸ் பாட்டில்களைத் தொங்கவிட்டுக் குளிர்விப்பது. தண்ணீர் குளிர்ந்தால் கொஞ்சம் கெட்டியாகும், ஒரு டிகிரிக்கு ஏறக்குறைய 2 சதவீதம் ஓட்டம் குறையும். 10 மணி நேர வேலை இன்னும் நீளும் என்று மேனேஜர் முணுமுணுத்தார். நீளத்தான் செய்தது. மூன்றாவது, செறிவை ஒவ்வொரு தடவையும் பாசி செல்லுக்கு இவ்வளவு விப்ரியோ என்ற கணக்கில் எழுதுவது, பச்சை தெரிந்தால் அந்தச் செறிவைக் குளோரின் போட்டுக் கழிப்பது. பச்சை என்றாலே கொல்லும் வகை என்று இல்லை, தெரியும். ஆனால் அதைப் பிரித்துப் பார்க்க இங்கே வசதி இல்லை, ஒரு தொட்டிச் செறிவின் விலை ஒரு தொட்டிக் குஞ்சின் விலைக்கு முன் ஒன்றுமில்லை.

மழை வாரம்

கார்த்திகையில் அது நடந்தது. வானம் மூடியது, வெளித்தொட்டிகளில் எண்ணிக்கை பாதியானது, ஒன்று முழுக்க விழுந்தது. குளிர்பெட்டியில் நாலு நாளுக்குள் எடுத்த செறிவு இருந்தது. இரண்டு குஞ்சுத் தொட்டிகளுக்குப் பாதித் தீனி செறிவிலிருந்தும் பாதி உள்ளறைப் பாசியிலிருந்தும் கொடுத்தார்கள். மற்றத் தொட்டிகளுக்கு உள்ளறைப் பாசி மட்டும். செறிவை வாளியில் கடல்நீர் விட்டுக் கரைத்து, 50 மைக்ரான் வலையில் வடித்து, கட்டி இல்லாமல் ஊற்றினார்கள்.

இரண்டு தொட்டிகளும் சோயியாவுக்கு அடுத்த மைசிஸ் நிலைக்கு மற்றவற்றோடு சேர்ந்தே போயின. பிழைப்பிலும் வித்தியாசம் சொல்லும்படி இல்லை. ஒரு சுற்று, இரண்டு தொட்டி. செறிவு கெடுதல் செய்யவில்லை என்று மட்டும்தான் இதைவைத்துச் சொல்லலாம். இதுதான் உற்பத்தியைக் காப்பாற்றியது என்று உரிமையாளர் வெளியே சொல்வதை நான் ஏற்கவில்லை. உள்ளறைப் பாசி இல்லாமல் செறிவை மட்டும் நம்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று சோதிக்க யாரும் துணியவில்லை, துணியவும் கூடாது.

வடிநீரைத் திரும்பப் பாசி வளர்க்க விட்டுப் பார்த்தார்கள். தெளிவாக இருக்கிறது, உரமும் மிச்சம் இருக்கிறது என்ற ஆசை. பாசி மந்தமாக வளர்ந்தது. இப்போது கழிவுநீர்க் குழிக்கே போகிறது.

மறுபடி செய்தால்

மாட்யூல் வாங்கும் முன் சிறு சோதனை வைப்பேன். கையளவு இழைக் கட்டு, ஒரு அழுத்தமானி, உயரத்தில் ஒரு வாளி போதும். ஓட்டத்தைப் படிப்படியாகக் கூட்டி, ஒவ்வொரு படியிலும் கால்மணி நேரம் நிறுத்திப் பார்த்தால், எந்தப் படியில் அழுத்தம் நிற்காமல் ஏறுகிறதோ அதற்குக் கீழேதான் வேலை செய்ய வேண்டும் என்று தெரிந்துவிடும். இதை இளம் பாசியிலும் முதிர்ந்த பாசியிலும் தனித்தனியே செய்திருந்தால், அந்த முதல் மாட்யூலுக்குப் போன பணமும், ஓட்டம் பாதியான இரவும் மிச்சமாகியிருக்கும்.

நாப்ளி வரும் தேதி மாறினால் ஆல்கே ரூமுக்கு உடனே தெரிய வேண்டும். இப்போது மேனேஜரின் போனிலிருந்து தகவல் போகிறது. இதை ஒரு சுவர்ப் பலகைக்கு மாற்றச் சொல்லியிருக்கிறேன்.

இழை அறுந்தால் வடிநீர் பழுப்பாகும். பாசி வீணாகிக் கொண்டிருப்பதை இரவில் யாரும் கவனிக்க மாட்டார்கள். வடிநீர்க் குழாயில் ஒரு முழம் கண்ணாடிக் குழாய் வைத்து, பக்கத்தில் ஒரு விளக்கு போட்டால் போதும். செய்யவில்லை, செய்ய வேண்டும்.

தலசியோசிராவையும் இதே மாட்யூலில் வடிக்கலாமா என்று மேனேஜர் கேட்கிறார். அதுவும் டயட்டம்தான், செல் பெரிது, ஆனால் பசை எப்படி இருக்கும் என்று அவர்கள் தொட்டியில் பார்க்காமல் ஃப்ளக்ஸ் சொல்ல முடியாது. அதற்கு அந்தக் கையளவு இழைக் கட்டை வாங்கியிருக்கிறார்கள். இரண்டாவது மாட்யூல் பற்றி உரிமையாளர் அந்தச் சோதனைக்குப் பிறகு முடிவெடுப்பதாகச் சொன்னார்.